வீட்டுக் குளிர்பதன வாயுவும் கசிவும்: ஒரு வரலாறு

ஃப்ரிட்ஜ் எனப்படும் குளிர்பதனப் பெட்டியும் ஏ.சி. எனப்படும் குளிரூட்டியும் ஒரே அடிப்படையில் இயங்குபவை. மூடிய குழாய்ச் சுற்று ஒன்றினுள் ஒரு வாயு சுழல்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடான வாயு வெளிப்பக்கக் குழாய்களில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின் மிகக் குறுகிய குழாய் ஒன்றின் வழியே உள்ளே சென்று, அழுத்தம் குறைந்ததும் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் இதே சுற்றைத் திருப்பி இயக்குவதுதான்.

இந்த வாயுவைத் தமிழ்நாட்டில் மெக்கானிக்குகளும் வீட்டாரும் ‘கேஸ்’ என்பர். ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்றதும் ‘கேஸ் இறங்கிவிட்டது’ என்ற சொல் வந்துவிடுகிறது. ஆனால் பெட்ரோலைப் போல இது எரிந்து தீரும் பொருள் அல்ல. சுற்று மூடியிருக்கும்வரை உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்றே பொருள். வீட்டுக் குளிர்பதனக் கருவிகள் கடந்த நூறாண்டுகளில் மாறிவந்த விதத்தை இந்தக் கசிவைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். வாயு மாறியபோதெல்லாம் கசிவின் கேடு ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குப் போனது. அதைத் தடுக்கும் வேலை மட்டும் பழுதுபார்ப்பவரிடமே இருந்தது.

பழுதில்லாத குளிர்ச்சி

இயந்திரம் வருமுன் குளிர்ச்சி கட்டிகளாக விற்கப்பட்டது. பாஸ்டனைச் சேர்ந்த பிரெடெரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். 1833-ல் அது கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842-ல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி உருகும். ஆனால் கசிந்து ஆளைக் கொல்லாது, மெக்கானிக்கும் தேவையில்லை. செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் இவ்வணிகம் மறைந்தது.

திரவம் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாவதை ஸ்காட்லாந்தில் வில்லியம் கல்லன் 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே செய்து காட்டியிருந்தார். 1834-ல் ஜேகப் பெர்க்கின்ஸ் ஈதரைக் கொண்டு இயங்கும் இயந்திரத்துக்கு லண்டனில் காப்புரிமை பெற்றார். ஈதர் எளிதில் தீப்பற்றும். அதன்பின் கார்ல் வான் லிண்டே அம்மோனியாவையும் ராவுல் பிக்டே கந்தக டைஆக்சைடையும் பயன்படுத்தினர். இவை மதுபான ஆலைகளுக்கும் பனிக்கட்டித் தொழிற்சாலைகளுக்கும் உரிய பெரிய இயந்திரங்கள். பயிற்சி பெற்ற பணியாளர் நாள்முழுதும் அருகிலேயே இருந்தார். கசிந்தால் உடனே தெரியும், உடனே அடைப்பார்.

வில்லிஸ் கேரியர் 1902-ல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வடிவமைத்த குளிரூட்டும் அமைப்பும் தொழிற்சாலைக்கானதே. காகிதம் ஈரப்பதத்தால் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகிப் பதிவதைத் தடுப்பது அதன் நோக்கம். வீடு ஒன்றில் குளிரூட்டி முதன்முதலாக நிறுவப்பட்டது 1914-ல், மினியாபொலிஸ் நகரில் சார்லஸ் கேட்ஸ் என்ற செல்வரின் மாளிகையில் என்பர். ஏழடி உயரமும் இருபதடி நீளமும் கொண்ட அந்த இயந்திரம் ஒருமுறையாவது இயக்கப்பட்டதா என்பதே ஐயத்துக்குரியது.

சமையலறைக்குள் நஞ்சு

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் கெல்வினேட்டர், ஃப்ரிஜிடேர் முதலிய நிறுவனங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளை விற்கத் தொடங்கின. 1920-களில் விற்பனை வேகமாகப் பெருகியது. ஆலையில் இருந்த அதே வாயுக்கள் இப்போது சமையலறைக்கு வந்தன. ஆனால் ஆலையில் இருந்த பணியாளர் உடன் வரவில்லை.

அக்காலப் பெட்டிகளில் மோட்டார் வெளியே இருக்கும். அது பெல்ட் மூலம் கம்ப்ரசரைச் சுழற்றும். சுழலும் தண்டு கம்ப்ரசரின் உடலுக்குள் நுழையும் இடத்தில் ஓர் அடைப்பு இருக்கும். மெக்கானிக்குகளின் மொழியில் அது சீல். தண்டு சுழலச் சுழல சீல் தேயும். தேய்ந்த சீல் வழியே வாயு கசியும். அக்காலத்தில் இந்தப் பெட்டிகளைப் பராமரிப்பது என்பதே பெரும்பாலும் சீலைக் கவனிப்பது, எண்ணெய் விடுவது, வாயு நிரப்புவது ஆகிய மூன்றுதான்.

பரவலாக இருந்த வாயு கந்தக டைஆக்சைடு. தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறும் நெடி இதனுடையது. சிறிதளவு கசிந்தாலும் கண் எரியும், இருமல் வரும், அறையில் நிற்க முடியாது. அதனாலேயே இதில் ஒருவகைப் பாதுகாப்பும் இருந்தது. உறங்குபவரையும் எழுப்பி வெளியே ஓட வைக்கும். மெக்கானிக்குக்குக் கசிவிடத்தைக் கண்டறிவதும் எளிது. அம்மோனியாவில் நனைத்த துணியைக் குழாய் இணைப்புகளின் அருகே கொண்டுபோவார்; கசியும் இடத்தில் வெண்புகை எழும். இதற்கு வேறொரு குணமும் உண்டு. ஈரம் பட்டால் கந்தக டைஆக்சைடு அமிலமாகி வால்வுகளை அரிக்கும். எனவே பழுதுபார்க்கும்போது குழாய்க்குள் ஈரக்காற்று புகாமல் காப்பது, புது வாயு நிரப்புமுன் சுற்றை நன்கு உலர்த்துவது ஆகிய பழக்கங்கள் அக்காலத்திலேயே உருவாகிவிட்டன.

மெத்தில் குளோரைடு இதற்கு நேர்மாறானது. அதன் மணம் மிக மெல்லியது, சற்று இனிமையானதும்கூட. அடுக்குமாடிக் கட்டடங்களில் அடித்தளத்தில் ஒரே பெரிய கம்ப்ரசரை வைத்து, அங்கிருந்து எல்லா வீடுகளின் பெட்டிகளுக்கும் குழாய் வழியே இந்த வாயுவை அனுப்பும் முறை சிகாகோ போன்ற நகரங்களில் இருந்தது. ஒரு வீட்டின் சமையலறையில் இணைப்பு விட்டுப்போனால் மொத்தக் கட்டடத்துக்கான வாயுவும் அந்த ஒரு வீட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே இருப்பவர்களுக்குத் தலைசுற்றலும் தூக்கமும் வாந்தியும் மனக்குழப்பமும் வரும். குடிபோதை என்றோ உணவு நஞ்சு என்றோ எண்ணத் தக்க அறிகுறிகள் இவை. அப்படி எண்ணி நோயாளியை அதே வீட்டில் படுக்க வைத்தால் அவர் மேலும் நஞ்சையே சுவாசிப்பார். 1928, 1929 ஆண்டுகளில் சிகாகோவில் இவ்வாறு பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். நகரின் மருத்துவர்கள் இந்நிகழ்வுகளைத் தொகுத்து வெளியிட்ட பின்பே காரணம் பரவலாகத் தெரிந்தது. மெத்தில் குளோரைடுடன் கண்ணை எரிக்கும் அக்ரோலீனைச் சிறிதளவு கலந்து எச்சரிக்கை மணம் ஊட்டும் வழக்கம் பின்னர் வந்தது. சமையல் எரிவாயுவில் இன்று நெடி சேர்க்கப்படுவதும் இதே காரணத்துக்காகவே.

இங்கே ஒரு திருத்தம் தேவை. 1929 மே 15 அன்று கிளீவ்லாந்து மருத்துவமனையில் 123 பேர் இறந்த விபத்து, குளிர்பதன வாயுக் கசிவால் நேர்ந்ததாகச் சில நூல்களிலும் கட்டுரைகளிலும் எழுதப்படுகிறது. அது தவறு. அங்கே எரிந்தவை நைட்ரோசெல்லுலோசாலான எக்ஸ்-கதிர்ப் படச்சுருள்கள். அவற்றின் புகையே ஆட்களைக் கொன்றது. குளிர்பதனப் பெட்டிகளைப் பற்றிய அச்சம் உச்சத்தில் இருந்த ஆண்டில் இது நிகழ்ந்ததால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கலாம்.

சீல் இல்லாத பெட்டி

கசிவுக்குக் காரணம் சுழலும் தண்டின் சீல் என்றால், அந்தத் தண்டையே இல்லாமல் செய்வது ஒரு வழி. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் இருவரும் 1922-ல் வெப்பத்தால் மட்டுமே இயங்கும், அசையும் பாகங்கள் அற்ற அம்மோனியாப் பெட்டியை வடிவமைத்தனர். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது.

ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் இதில் இறங்கியது பலருக்கு வியப்பளிக்கும். பெர்லினில் ஒரு குடும்பத்தினர் குளிர்பதனப் பெட்டியிலிருந்து கசிந்த வாயுவால் உறக்கத்திலேயே இறந்த செய்தியை அவர் நாளிதழில் படித்தார் என்றும், அது அவரை வெகுவாகப் பாதித்தது என்றும் கூறப்படுகிறது. இளம் இயற்பியலாளரான லியோ சில்லார்டுடன் சேர்ந்து 1926 முதல் கசியாத பெட்டிகளை வடிவமைப்பதில் ஈடுபட்டார். சுவிட்சர்லாந்தின் காப்புரிமை அலுவலகத்தில் வேலை செய்த அனுபவம் ஐன்ஸ்டைனுக்கு இதில் கைகொடுத்தது. இருவரும் பல நாடுகளில் காப்புரிமைகள் கோரினர். அமெரிக்கக் காப்புரிமை 1930 நவம்பரில் கிடைத்தது. அவர்களது வடிவங்களுள் ஒன்றில் திரவ உலோகத்தை மின்காந்த விசையால் நகர்த்தி வாயுவை அழுத்தினர். ஏ.இ.ஜி. நிறுவனம் அதன் மாதிரியை உருவாக்கிச் சோதித்தது. கசிவு இல்லை, ஆனால் இரைச்சல் தாங்க முடியாததாக இருந்தது. பொருளாதார மந்தமும் ஹிட்லரின் எழுச்சியும் திட்டத்தை முடித்துவைத்தன. அந்தப் பம்ப் வகை பின்னாளில் அணு உலைகளில் திரவ உலோகத்தைச் செலுத்தப் பயன்பட்டது. வீடுகளுக்கு அது வரவேயில்லை.

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் எளிமையான தீர்வைக் கண்டது. 1927-ல் வந்த ‘மானிட்டர் டாப்’ என்ற பெட்டியில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே எஃகுக் கூட்டுக்குள் வைத்து மூடப்பட்டன. தண்டு வெளியே வருவதில்லை, ஆகவே சீலும் இல்லை. உள்ளே இருந்தது அதே கந்தக டைஆக்சைடுதான். பெட்டியின் தலைமேல் வட்டமாக அமர்ந்திருக்கும் இந்தக் கூடு பழுதானால் முழுதாகக் கழற்றி வேறொன்றை வைப்பார்கள். வீட்டிலேயே பிரித்து ஒட்டும் வேலை இதனால் குறைந்தது. இன்றைய ஃப்ரிட்ஜ்களின் பின்னால் இருக்கும் கறுப்புக் கம்ப்ரசர் இந்த வடிவத்தின் வழிவந்ததே. சேகரிப்பாளர்களிடம் உள்ள மானிட்டர் டாப் பெட்டிகளுள் சில, தொழிற்சாலையில் நிரப்பிய வாயுவுடனேயே இன்றும் இயங்குகின்றன. மூடிய சுற்றில் வாயு தீர்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஃப்ரியான்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கீழ் இருந்த ஃப்ரிஜிடேர் வேறு வழியில் சென்றது. கசிவைத் தடுக்க முயல்வதற்குப் பதில், கசிந்தாலும் கேடு செய்யாத வாயுவைத் தேடியது. 1928-ல் இப்பணி தாமஸ் மிட்ஜ்லியிடம் வந்தது. பெட்ரோலில் ஈயம் சேர்க்கும் முறையைக் கண்டறிந்தவரும் இவரே. ஆல்பர்ட் ஹென், ராபர்ட் மெக்நேரி ஆகியோருடன் சேர்ந்து தனிம அட்டவணையை ஆராய்ந்து, ஃபுளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்களைத் தேர்ந்தார்.

முதல் சோதனையைப் பற்றி மிட்ஜ்லி பின்னர் கூறிய செய்தி ஒன்று உண்டு. வாயுவைத் தயாரிக்க ஆன்டிமனி ட்ரைஃபுளோரைடு ஐந்து சிறு புட்டிகளில் வாங்கினார்கள். ஒரு புட்டியைக் கொண்டு உருவாக்கிய வாயுவைக் கினிப்பன்றி ஒன்றைச் சுவாசிக்க வைத்தனர். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த புட்டியிலிருந்து செய்த வாயுவில் விலங்கு இறந்தது. ஆராய்ந்தபோது, மீதி நான்கு புட்டிகளிலும் ஈரம் கலந்த மாசு இருந்ததும் அதனால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நஞ்சு உருவானதும் தெரிந்தது. கையில் முதலில் அகப்பட்ட புட்டி வேறொன்றாக இருந்திருந்தால் அந்த ஆய்வையே கைவிட்டிருப்பார்கள்.

1930 ஏப்ரலில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி புதிய வாயுவை மூச்சாக இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, எரியாது என்ற இரண்டும் ஒரே மூச்சில் நிரூபணமாயின. அதே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டியூபான்ட்டும் சேர்ந்து கைனெடிக் கெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஃப்ரியான் என்ற வணிகப் பெயரில் வந்த இவ்வகை வாயுக்களில் ஆர்-12 குளிர்பதனப் பெட்டிகளுக்கும், சில ஆண்டுகள் கழித்து வந்த ஆர்-22 அறைக் குளிரூட்டிகளுக்கும் உரியவையாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜன்னல் ஏ.சி.க்கள் அமெரிக்க வீடுகளில் பெருகின. படுக்கையறைச் சுவரில் ஒரு குளிர்பதன இயந்திரத்தை மாட்டிவிட்டு அதன் கீழே அச்சமின்றி உறங்க முடிந்ததற்கு இந்த வாயுக்களே காரணம். அதை மறுக்க இயலாது.

அலட்சியத்தின் விலை

பழுதுபார்ப்புத் தொழிலையும் ஃப்ரியான் மாற்றியது. கந்தக டைஆக்சைடை வீட்டுக்குள் திறந்துவிட எந்த மெக்கானிக்கும் துணியமாட்டார். ஃப்ரியானைத் திறந்துவிட்டால் ‘உஸ்’ என்ற ஒலியோடு முடிந்துவிடும். நெடி இல்லை, இருமல் இல்லை. விலையும் குறைவு. எனவே கம்ப்ரசரை மாற்றுமுன் சுற்றில் உள்ள வாயுவை வெளியேற்றுவது வழக்கமான முதல் வேலையாயிற்று. குழாய்களைக் கழுவவும், ஹோஸில் உள்ள காற்றைத் தள்ளவும் இவ்வாயுக்களே பயன்பட்டன. கசிவைத் தேடி அடைப்பதைவிட ஆண்டுக்கொருமுறை கொஞ்சம் நிரப்பிவிட்டுப் போவது வீட்டாருக்கும் மெக்கானிக்குக்கும் எளிதாக இருந்தது. ‘வருடத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டும்’ என்ற நம்பிக்கைக்கு இதுவே வேராக இருக்கக்கூடும்.

கசிவைக் கண்டறிய அக்காலத்தில் ஹாலைடு டார்ச் என்ற சிறு விளக்கு இருந்தது. சுடர் ஒரு செப்புத் தகட்டைச் சுட்டுக்கொண்டிருக்கும். அதனோடு இணைந்த குழாயைக் கசிவிடத்தருகே நீட்டினால், குளோரின் உள்ள வாயு உள்ளிழுக்கப்பட்டுச் சுடர் பச்சை நிறமாகும். எளிய கருவி, ஆனால் ஃப்ரியான் சுடரில் சிதையும்போது அமில ஆவியும் சிறிதளவு ஃபாஸ்ஜீனும் உண்டாகும். காற்றோட்டமில்லாத அறையில் இதைப் பயன்படுத்தியவர்களின் தொண்டைக்கு அது தெரியும்.

வெளியேறிய வாயு எங்கே போனது என்ற கேள்வியை நாற்பதாண்டுகள் யாரும் பெரிதாக எழுப்பவில்லை. 1971-72-ல் ஜேம்ஸ் லவ்லாக், ஷேக்கிள்டன் என்ற ஆய்வுக் கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது, தாம் கண்டுபிடித்த மிக நுண்ணிய கருவியால் காற்றை அளந்தார். ஃப்ரியான் வகையைச் சேர்ந்த ஆர்-11, தென்கோளத்தின் காற்றிலும் இருந்தது. அதனால் கேடு எதுவும் இல்லை என்றே அவரும் முதலில் எழுதினார். 1974 ஜூனில் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை விடையைத் தந்தது. இந்த வாயுக்கள் எதனோடும் வினைபுரியாதவை என்பதால் தாழ்ந்த வளிமண்டலத்தில் அழிவதில்லை. மெல்ல மேலேறி, அங்கே புறஊதாக் கதிரால் உடைந்து குளோரினை விடுவிக்கின்றன. ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. வீட்டுக்குள் ஃப்ரியானைப் பாதுகாப்பானதாக்கிய அதே நிலைத்தன்மை, வானில் அதைக் கேடாக்கியது.

1985-ல் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்லின் மூவரும் அன்டார்ட்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைவதை வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. பின்னாளில் உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற ஒப்பந்தம் இது. மொலினா, ரோலண்ட், பால் க்ருட்சன் மூவரும் 1995-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

மெக்கானிக்கின் கைக்கு வந்த சட்டம்

ஒப்பந்தங்களைப் பற்றிய எழுத்துகளில் ஆலைகளும் அரசுகளுமே பேசப்படுகின்றன. ஆனால் வீட்டு வாசலில் பழுதுபார்க்கும்போதும் வாயு வெளியேறியது. அமெரிக்கா 1992 ஜூலை 1 முதல் பழுதுபார்க்கும்போது ஓசோனைச் சிதைக்கும் குளிர்பதன வாயுக்களை வேண்டுமென்றே வெளியேற்றுவதைத் தடைசெய்தது. சுற்றைத் திறக்குமுன் வாயுவை இயந்திரத்தால் உறிஞ்சி உருளையில் சேர்க்க வேண்டும். 1994 நவம்பர் முதல், தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவரே சுற்றைத் திறக்கலாம் என்றாயிற்று. நேற்றுவரை ஸ்பேனரும் டார்ச்சும் போதும் என்றிருந்த தொழிலுக்கு ஒரே தலைமுறையில் வேதியியலும் சட்டமும் தேவைப்பட்டன. ஆர்-12 அருகியபோது மயாமி துறைமுகம் வழியே அதைக் கடத்தும் தொழிலும் தோன்றியது. அதில் பெரும்பகுதி பழைய கார்களின் ஏ.சி.க்களுக்குச் சென்றது.

புதிய வாயுக்கள் பழைய கைப்பழக்கத்துக்கு ஒத்துவரவில்லை. ஆர்-12-க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ-யில் குளோரின் இல்லை, எனவே ஹாலைடு டார்ச்சின் சுடர் பச்சையாகாது. அதனோடு பயன்படும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். ஆகவே வேக்கம் பம்ப் வைத்துச் சுற்றை முழுதும் உலர்த்தாமல் நிரப்பினால் கம்ப்ரசர் விரைவில் கெடும். ஆர்-22-க்கு மாற்றான ஆர்-410ஏ-யின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் அதிகம். பழைய கேஜும் ஹோஸும் அதற்குப் போதா. 1920-களின் மெக்கானிக்குகள் கற்றிருந்த உலர்த்தும் பழக்கத்தை 1990-களின் மெக்கானிக்குகள் மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி உற்பத்தியை 1958-ல் கோத்ரெஜ் தொடங்கியது. மான்ட்ரியல் நெறிமுறையில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2000-ல் ஓசோனைச் சிதைக்கும் பொருட்களுக்கான விதிகள் வந்தன. ஆர்-12 உள்ளிட்ட வாயுக்களின் பயன்பாட்டை நிறுத்தும் தேசியத் திட்டத்தில் சிறுகடை மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியளிப்பது முக்கியப் பகுதியாக இருந்தது. 2008 ஆகஸ்டில் உற்பத்தி நின்றது.

இங்கே இத்தொழிலின் அமைப்பே வேறு. பெரும்பாலான மெக்கானிக்குகள் ஐ.டி.ஐ.யில் படித்தோ, படிக்காமலோ, ஒரு கடையில் உதவியாளராகச் சேர்ந்து மூத்தவரிடம் தொழில் கற்றவர்கள். ஒரு கேஜ், ஒரு சிறு உருளை, ஒரு வெல்டிங் டார்ச் ஆகியவற்றை வண்டியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்பவர்கள். வாயுவை எடைபோட்டு நிரப்பாமல், குழாயில் படியும் பனியையும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் பார்த்துக் கணிக்கும் திறமை அவர்களுக்கு உண்டு. ஆர்-12 காலத்தில் அது போதுமானதாக இருந்தது. வாயுவை உறிஞ்சிச் சேர்க்கும் கருவியின் விலையும், அதற்காகச் செலவாகும் நேரமும் யாருடைய கணக்கில் வரும் என்பது தீராத கேள்வி. குறைந்த கூலி கேட்பவரையே வீட்டார் அழைப்பதால், முறையாக வேலை செய்பவர் இழப்புக்கு ஆளாகிறார். மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வோர் இதை மறந்துவிடுகின்றனர்.

கசிவுக்கான காரணங்களும் ஊருக்கு ஊர் மாறும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளியே வைத்த யூனிட்டின் அலுமினியத் தகடுகளையும் இணைப்புகளையும் அரிக்கிறது. உள்ளே இருக்கும் செப்புக் காயிலில் இன்னொரு வகை அரிப்பு உண்டு. வீட்டுக்குள் புழங்கும் சில பொருட்களிலிருந்து எழும் ஃபார்மிக் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்து செப்பில் கண்ணுக்குத் தெரியாத வளைந்த துளைகளை உண்டாக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் எறும்புப் புற்றைப் போல் இருப்பதால் எறும்புப்புற்று அரிப்பு என்றே பெயர். நிறுவும்போது குழாயின் வாயைச் சரியாக விரிக்காமல் நட்டை முடுக்குவது மற்றொரு பொதுவான காரணம். இவை எதுவும் கேஸ் நிரப்புவதால் தீராது. குளிர் குறைவதற்குக் கசிவைவிட மிக எளிய காரணமும் இருக்கலாம்: தூசி அடைத்த ஃபில்டரும் அழுக்குப் படிந்த காயிலும் காற்றோட்டத்தைக் குறைக்கும், அப்போதும் காயிலில் பனி படியும். கழுவினால் சரியாகும் ஏ.சி.க்கும் கேஸ் நிரப்பிய கதைகள் இதனால்தான்.

மீண்டும் எரியும் வாயு

ஆர்-134ஏ, ஆர்-410ஏ ஆகியவை ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் புவி வெப்பமாதலில் அவற்றின் பங்கு பெரிது. ஒரு கிலோ ஆர்-410ஏ, நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். ஆர்-32 அதில் மூன்றிலொரு பங்கு. புரொப்பேனான ஆர்-290-க்கு இது மிகச் சொற்பம்.

ஆகவே தொழில் திரும்பவும் எரியும் வாயுக்களை நாடியது. 1992-93-ல் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த நொடித்த ஆலை ஒன்று, கிரீன்பீஸ் அமைப்பின் தூண்டுதலால் புரொப்பேன்-பியூட்டேன் கலவையில் இயங்கும் குளிர்பதனப் பெட்டியை வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் அதை வெடிகுண்டு போலச் சித்திரித்தன. சில ஆண்டுகளில் அவையும் அதே வழிக்கு வந்தன. இன்று பல வீடுகளில் உள்ள ஃப்ரிட்ஜில் இருப்பது ஐசோபியூட்டேனான ஆர்-600ஏ. அதன் அளவு பெரும்பாலும் நூறு கிராமுக்கும் குறைவு. சிகரெட் லைட்டர்கள் சிலவற்றில் உள்ள எரிவாயு அளவே. இந்தியாவில் கோத்ரெஜ் 2012-ல் ஆர்-290 ஏ.சி.யை அறிமுகப்படுத்தியது. சந்தையின் பெரும்பகுதி, மெதுவாகவே எரியும் ஆர்-32-க்குச் சென்றது.

கேடு மீண்டும் வீட்டுக்குள் வந்துவிட்டதால் பழுதுபார்ப்பின் ஒழுங்கும் மாறுகிறது. நூறு கிராமுக்குள் இருக்கும் வாயுவைப் பனியைப் பார்த்துக் கணித்து நிரப்ப முடியாது, தராசு வேண்டும். வாயுவை வெளியேற்றி, நைட்ரஜனால் கழுவி, ஜன்னலைத் திறந்த பிறகே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். கசிவுச் சோதனைக்கு நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனைச் செலுத்துவது எப்போதுமே உயிருக்கு ஆபத்து. கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-22-க்கான பழைய இயந்திரத்தில் எரியும் வாயுவை நிரப்புவதும் அவ்வாறே. அதன் மின்பாகங்கள் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. எந்த வாயு, எத்தனை கிராம் என்பது ஒவ்வொரு கருவியின் பெயர்த்தகட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். மெக்கானிக்கும் வீட்டாரும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

2016 அக்டோபரில் கிகாலியில் மான்ட்ரியல் நெறிமுறைக்குச் செய்த திருத்தத்தின்படி, இந்தியா ஆர்-134ஏ, ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவை சேர்ந்த வாயுக் குடும்பத்தின் பயன்பாட்டை 2028-ல் உறையவைத்து, பின் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2019-ல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிக்க இலக்கு வைத்தது. ஆர்-22 நிரப்பிய புதிய கருவிகளின் உற்பத்தி 2024 இறுதியோடு நின்றது. முன்பே சுவரில் மாட்டப்பட்டவற்றைப் பழுதுபார்க்க மட்டும் 2030-க்குப் பிறகும் 2040 வரை மிகச் சிறிய அளவு ஆர்-22 அனுமதிக்கப்படும்.